உபுண்டு 24.04க்கு மாறிய பிறகு வைஃபை கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்குது

இடம் கிளிநொச்சி. பத்து வருசப் பழைய லப்டொப், வைஃபை சிப் பிரோட்கொம் பிசிஎம்43142. போன சனிக்கிழமை உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) 22.04இல் இருந்து 24.04க்கு மேம்படுத்தினேன், கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இப்ப 6.8.

வலையமைப்புகளின் பெயர் எல்லாம் தெரியுது, சிக்னலும் முழுசா இருக்கு. இணையப் போனால் அரை நிமிசம் சுத்திவிட்டு மறுபடி கடவுச்சொல் பெட்டி வருது. அதே சொல்லுக்கு போன் உடனே இணையுது.

கணினி தொடங்கும்போது வாற கிரப் மெனுவில் பழைய 5.15 கேர்னலைத் தெரிவுசெய்தால் வைஃபை ஒழுங்காக ஓடுது. அதனால் "கார்ட் செத்துப்போச்சு, புதுசு போடுங்கோ" என்று கடையில் சொன்னதை நான் ஏற்கேல்லை.

போனை யூஎஸ்பியில் கொழுவி டேட்டா எடுத்து, 6.8க்கு டிரைவரைக் கட்டத் தேவையான ஹெடர் கோப்புகளைப் போட்டு பிரோட்கொம் வைஃபை டிரைவரை மீள நிறுவினேன். டிகேஎம்எஸ் (கேர்னலுக்கு ஏற்ப டிரைவரைக் கட்டும் கருவி) நிலை "இன்ஸ்டால்ட்" என்றே காட்டுது. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கும் அமைப்பு) நிறுத்தியிருக்கு. இதோடு மோதக்கூடிய பி43, பிசிஎம்ஏ, எஸ்எஸ்பி மொட்யூல்கள் தடைப்பட்டியலில். இந்த டிரைவருக்கு டபிள்யூபிஏ3 (புதிய வைஃபை பாதுகாப்பு முறை) சரிவராது என்பதால் ரவுட்டரை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் என்று மாத்தினேன். சனல் 6, அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். சிப்புக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான், 5 கிகாஹேர்ட்ஸ் பற்றிச் சொல்ல வேண்டாம். நெட்வேர்க் மனேஜரில் மின்சேமிப்பையும் ஸ்கான் நேர மாக் (கார்டின் அடையாள எண்) மாற்றத்தையும் நிறுத்தியாச்சு. பலனில்லை.

இதே சிப்பை 6.8 கேர்னலில் ஓடவிட்டவர்கள், எந்த டிரைவர் பதிப்போடு, எந்த அமைப்பை மாத்தி ஓடவிட்டீர்கள்?