2024-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருது: 'கொட்டுக்காளி'யின் மௌனம் விருதுக் குழுவினரின் காதில் விழுமா?

வைகைக்கரை வாசகி:

2025 ஆகஸ்ட் 1 அன்று 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, 'பார்க்கிங்' படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, எம். எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் என மூன்று விருதுகள் கிடைத்ததில் எனக்கு மிகுந்த நிறைவு. அவை 2023-இல் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்களுக்கானவை. அடுத்து 2024-ஆம் ஆண்டுப் படங்களின் முறை வருகிறது என்பதால், இப்போதே மனத்தில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன்.

அந்த ஆண்டில் பார்த்தவற்றுள் இன்றுவரை என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் படம் பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டார் தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டு, ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் அவளைச் சாமியாடி ஒருவரிடம் கூட்டிச் செல்லும் ஒரு நாள் பயணம்தான் கதை. வழியில் எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் வரும் பாட்டுக்கு மீனாவின் உதடுகள் மெல்ல அசைகின்றன. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அதைப் பார்த்துவிட்டு, தொண்டையில் சுண்ணாம்பு பூசிய முறைமாப்பிள்ளை பாண்டி, அவளையும் தடுக்க வந்தவர்களையும் வெறிகொண்டு அடிக்கும் இடத்தில் நான் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன். படம் நெடுகக் கிட்டத்தட்ட வாயே திறக்காமல், பார்வையாலும் கழுத்தின் விறைப்பாலும் மட்டுமே அந்தப் பெண்ணின் பிடிவாதத்தைச் சுமந்த அன்னா பென்னுக்குச் சிறந்த நடிகை விருது கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் நீளமான வசனமும் கண்ணீரும் உள்ள வேடங்களே இப்படிப்பட்ட போட்டிகளில் எளிதாகக் கண்ணில் படுகின்றன என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. 'அமரன்' படத்தில் சாய் பல்லவி நடித்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவரும் அதே ஆண்டுப் போட்டியில்தான் இருக்கிறார். உங்கள் கணிப்பு என்ன?

ஒலிக்கூடத்தான்:

சகோதரி, நடிப்பு விருதைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்கவில்லை. ஆயினும் இந்தப் படத்துக்கு வலுவான வாய்ப்பு ஒலி வடிவமைப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பின்னணி இசையே இல்லாமல் ஒரு முழுப் படத்தை நடத்திச் செல்வதென்றால், இசை செய்யும் வேலையையெல்லாம் இன்ஜின் இரைச்சலும் காற்றும் கட்டிப்போட்ட சேவலின் சிறகடிப்பும் செய்ய வேண்டும். நான் பார்த்த அரங்கில் ஒலியளவை மிகவும் குறைத்து வைத்திருந்தார்கள். எழுந்து போய்ச் சொல்லிக் கூட்டச் செய்த பிறகுதான், ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றதும் சட்டென்று விழும் அமைதி எவ்வளவு கனமானது என்பதே எனக்குப் புரிந்தது.

ஒலியைத் தனியாகக் கவனிக்கும் பழக்கம் தேசிய விருதுக் குழுக்களிடம் இருக்கிறது. ஒரே ஆள் நடித்த 'ஒத்த செருப்பு சைஸ் 7' படத்தின் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டி விருது பெற்றார். 2022-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தின் ஒலி வடிவமைப்புக்காக ஆனந்த் கிருஷ்ணமூர்த்தி பெற்றார். அது போர்க்களமும் கடலும் யானையும் நிறைந்த படம். இது பொட்டல்காட்டில் ஓர் ஆட்டோ. இரண்டுக்கும் தேவைப்படும் உழைப்பு ஒன்றுதான் என்பதை நடுவர்கள் உணர்ந்தால் போதும்.

கூத்துப் பிரியன்:

நான் வேறொரு படத்துக்காக வாதாட வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்தைக் களமாகக் கொண்ட 'ஜமா' படத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? பாரி இளவழகன் எழுதி, இயக்கி, முதன்மை வேடத்தையும் ஏற்ற முதல் படம் அது. பெண் வேடமே கட்டிக் கட்டி, மேடையை விட்டு இறங்கிய பிறகும் திரௌபதியின் நடையும் கையசைவும் உடம்பை விட்டுப் போகாத கல்யாணத்துக்கு, ஒரே ஒரு முறையாவது அர்ச்சுனன் வேடம் கட்ட வேண்டும் என்ற ஏக்கம். அவர் கூச்சத்தோடு தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் விதம் எங்கள் ஊர்க் கூத்துக்காரர்களிடம் நான் கண்ணால் கண்டது. வாத்தியார் தாண்டவமாக வரும் சேத்தனையும் மறக்க முடியாது.

அறிமுக இயக்குநருக்கான விருதை 2020-ஆம் ஆண்டுப் படங்களில் 'மண்டேலா' பெற்றது. அந்த வரிசையில் அடுத்து 'ஜமா' நிற்க வேண்டும். 'லப்பர் பந்து' எடுத்த தமிழரசன் பச்சமுத்துவும் தகுதியானவர்தான், அந்தப் படத்துக்குக் கூட்டமும் சேர்ந்தது. கூட்டம் சேராத படத்துக்கு விருது ஒன்றுதான் இரண்டாம் முறை வாசல் திறக்கும் என்பதால் என் விருப்பம் 'ஜமா' பக்கமே சாய்கிறது. ஒரு கவலை மட்டும் உண்டு: தயாரிப்பாளர் விண்ணப்பித்தால்தான் படம் போட்டிக்குள்ளேயே போகும். சிறிய படங்களை எடுத்தவர்கள் அதைத் தவறவிட்டிருக்கக் கூடாது.

நெல்லைத் தம்பி:

அக்கா, 'வாழை' சிறுவன் பொன்வேலை யாரும் சொல்லவில்லையே! ஊரே சாவு வீடாகிக் கிடக்கும்போது, பசி தாங்காமல் அந்தப் பிள்ளை அடுப்படிக்குள் போய்ச் சோற்றை அள்ளி வாயில் வைக்கும் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 'காக்கா முட்டை'யின் இரண்டு சிறுவர்களுக்கும் குழந்தை நட்சத்திர விருது கிடைத்த அன்று நாங்கள் கொண்டாடியதைப் போல, இவனுக்கும் கொண்டாட வேண்டும். 'மெய்யழகன்' பற்றி ஒரு வரி: திரைக்கு வந்த பிறகு சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள்; நடுவர்களாவது வெட்டாத வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை வாசகி:

அனைவருக்கும் நன்றி. தம்பி சொன்ன அந்தச் சோற்றுக் காட்சியை நான் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. பொன்வேலுக்கு என் முழு ஆதரவு. 'ஜமா'வை இன்னும் பார்க்கவில்லை, இந்த வாரமே பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒலிக்கூடத்தான் ஐயா எழுதியதைப் படித்த பிறகு, நேற்றிரவு 'கொட்டுக்காளி'யைக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். வழியை மறித்து நிற்கும் காளையை ஒரு சிறுமி சாதாரணமாக வந்து ஓட்டிச் செல்லும் இடத்தில், அதுவரை அதட்டிக்கொண்டிருந்த ஆண்களின் குரல்கள் அடங்கிப்போவதை முதல் முறை நான் கவனிக்கவே இல்லை. படத்துக்கு ஒரே ஒரு விருதுதான் என்றால், அன்னா பென்னுக்கு என்று கேட்ட நானே அது ஒலிக்குப் போகட்டும் என்று இப்போது சொல்வேன்.