பழைய வால்பேப்பரை உரிக்கும்போது சுவரின் பூச்சு பெயர்ந்து வராமல் இருக்க என்ன வழி?

தெம்பனிஸ்_கவிதா:

வணக்கம். மறுவிற்பனையில் வாங்கிய நான்கறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. முந்தைய உரிமையாளர் மூன்று இடங்களில் ஒட்டியிருக்கிறார்.

1. பெரிய படுக்கையறையில் கட்டில் தலைமாட்டுச் சுவர் முழுக்கத் தடித்த வினைல். அது வெளிச்சுவர், அறையில் ஏர்கான் உண்டு.
2. கூடத்துக்கும் படிப்பறைக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவர். தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஒலிக்கிறது.
3. சின்ன அறையில் செங்கல் போலத் தோன்றும் நுரை ஸ்டிக்கர்.

படுக்கையறையில் ஒரு மூலையை இழுத்தால் வினைல் மட்டும் வருகிறது, அடியில் வெள்ளைத் தாள் சுவரிலேயே நிற்கிறது. அந்தத் தாளின் மேலேயே பெயின்ட் அடிக்கலாமா? ஸ்டீமர் தேவையா?

செங்காங்_பட்டிக்காரர்:

தாளின் மேல் அடிக்காதீர்கள். எமல்ஷன் பெயின்ட்டில் தண்ணீர் இருக்கிறது. அது அடியிலுள்ள பசையை இளக்கும், தாள் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அப்புறம் பெயின்ட்டையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும்.

மூன்றுக்கும் மூன்று விதமான வேலை. முதலில் படுக்கையறை. வெளிச்சுவர் என்றால் பெரும்பாலும் காங்கிரீட், அதன்மேல் ஸ்கிம் கோட் என்ற மெல்லிய வெள்ளைப் பூச்சு. காங்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகாது, காப்பாற்ற வேண்டியது அந்தப் பூச்சைத்தான்.

முதலில் டிபி பாக்ஸ் என்ற வீட்டு மின்பெட்டியில் அந்த அறையின் பவர் பாயின்ட், விளக்கு இரண்டுக்குமான எம்சிபிகளை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளை, இறக்குங்கள். சுவிட்ச், சாக்கெட் மூடிகளை பிளாஸ்டிக்கும் டேப்பும் கொண்டு மூடுங்கள். 230 வோல்ட் ஓடும் இடத்தில் ஈரத்தோடு விளையாடக் கூடாது. வேலை முடிந்து சுவர் உலரும்வரை அந்தச் சாக்கெட்டுகளுக்கு மின்சாரம் வேண்டாம். சுவரடியில் பழைய துண்டுகளை விரியுங்கள், வினைல் தரையாக இருந்தால் அடியில் பிளாஸ்டிக்கும் போடுங்கள்.

பிறகு வினைல் தோலை உலர்ந்த நிலையிலேயே உரியுங்கள். கீழ் மூலையில் கிளப்பி, சுவரை ஒட்டியபடியே மேல்நோக்கி இழுக்க வேண்டும். உங்கள் பக்கமாக நேராக இழுத்தால் பூச்சும் கூடவே வரும். பெரும்பாலான சேதம் இந்த ஒரு இழுப்பில்தான் நடக்கிறது.

முள்சக்கரம் வைத்துத் துளை போடும் கருவியைக் கடையில் காட்டுவார்கள். தோல் உரிந்துவிட்டால் அது தேவையே இல்லை, அடித்தாள் தானாகவே தண்ணீர் குடிக்கும். அந்த முட்கள் ஸ்கிம் கோட்டில் குத்தும் குழிகள் பெயின்ட் அடித்த பிறகும் தெரியும்.

செடிக்கு அடிக்கும் 2 லிட்டர் பம்ப் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. போதும். துணி மென்மையூட்டி ஊற்றச் சொல்வார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை. அது சுவரில் படலமாகத் தங்கும், பிறகு அதையும் கழுவ வேண்டும். மின்விசிறியையும் ஏர்கானையும் நிறுத்திவிட்டு, ஒரு மீட்டர் அகலத்துக்கு மேலிருந்து கீழாக அடியுங்கள். 5 நிமிடம் கழித்து மறுபடி அடியுங்கள். மொத்தம் 15 நிமிடம் ஊறட்டும். காய்ந்துகொண்டே வந்தால் சமையலறை கிளிங் ஃபிலிமை மேலே ஒட்டிவையுங்கள். நகத்தால் தள்ளினால் தாள் வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் இன்னும் ஊறவில்லை என்று பொருள், அழுத்திச் சுரண்டக் கூடாது.

ஸ்கிரேப்பர் 3 அல்லது 4 அங்குல அகலம். அதன் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள், கூர்முனைதான் சுவரைக் கீறும். சுவரோடு 30 டிகிரிக்குள் சாய்த்துத் தள்ளுங்கள். ஸ்டீமர் வேண்டாம். இந்த அடித்தாளுக்கு வெந்நீரே போதும், ஆவி ஒரே இடத்தில் அதிக நேரம் பட்டால் ஸ்கிம் கோட் உப்பிவிடும்.

எங்காவது பூச்சு பெயர ஆரம்பித்தால் இழுப்பதை நிறுத்தி, அந்த இடத்தைச் சுற்றிக் கத்தியால் வெட்டிவிட்டு மற்ற பகுதிக்குப் போங்கள். சீலர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காத தூள் பூச்சின் மேல் நேராக ஒட்டியிருந்தால் இப்படித்தான் வரும்.

தடுப்புச் சுவர் ஜிப்சம் பலகையாக இருக்கலாம். குண்டூசி எளிதில் இறங்கினால் அதுவேதான். அங்கே ஸ்பிரே கூடாது. பலகையின் முகமே ஒரு காகிதம், நனைந்தால் அதுவும் தாளோடு உரியும். பிழிந்த ஸ்பாஞ்சால் இரண்டடிக்கு இரண்டடியாக ஒற்றி, 5 நிமிடம் விட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளுங்கள். பழுப்புக் காகிதம் தெரிந்துவிட்டால் தளர்ந்த ஓரங்களை வெட்டி, காய்ந்த பின் எண்ணெய் வகை சீலர் ஒரு கை அடித்து, அதன் பிறகே பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு. நேராகப் பட்டி வைத்தால் அதிலுள்ள ஈரத்தில் காகிதம் உப்பும்.

ஜூரோங்_மாலா:

நுரை ஸ்டிக்கர் பற்றி மட்டும். அதற்குத் தண்ணீர் பயன்படாது, அது வேறு வகைப் பசை. முடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் ஓர் ஓரத்தில் அரை நிமிடம் காட்டி, சுவரோடு ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள், சூடும் கூடவே நகரட்டும். மிஞ்சும் பசையைச் சூடாக இருக்கும்போதே உருட்டி எடுங்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள், சுவரில் ஊறிய எண்ணெய் புதுப் பெயின்ட்டைப் பிடிக்க விடாது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பழைய பெயின்ட் அங்கங்கே உரியத்தான் செய்யும் கவிதா. அந்த அறைக்குப் பட்டியும் பெயின்ட்டும் செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்_கவிதா:

மிக்க நன்றி அண்ணன், அக்கா. படுக்கையறையில் வினைல் தோலுக்குப் பின்னால் தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. பூஞ்சையா? பசை முழுதும் போய்விட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

பொங்கோல்_நசீர்:

பூஞ்சையாகத்தான் இருக்கும். நம்மூரில் வெளிக்காற்று வெப்பமும் ஈரமும் கொண்டது, உள்ளே ஏர்கான் குளிர். நீராவி வெளிச்சுவர் வழியாக உள்நோக்கி வருகிறது. வினைல் அதைத் தாண்டவிடாது, குளிர்ந்த வினைலின் பின்பக்கத்திலேயே அது ஈரமாகத் தங்குகிறது. மாவுப் பசை பூஞ்சைக்கு நல்ல உணவு. கட்டிலின் தலைப்பலகை சுவரை அடைத்திருந்தால் காற்றும் போகாது.

காய்ந்த நிலையில் சுரண்டினால் தூளாகப் பறக்கும், நனைத்தே எடுங்கள். என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம், சன்னல் திறந்திருக்கட்டும். தாளை உடனே பையில் கட்டிவிடுங்கள். சுவரைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். இதோடு வினிகரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். வால்பேப்பருக்கு வினிகர் தெளிக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இதற்குப் பிறகும் மழை பெய்தால் அதே இடம் ஈரமாகிறது என்றால் கசிவு வெளியிலிருந்து. நகர மன்றத்திடம் சொல்லிப் பார்க்க வையுங்கள், அதுவரை பெயின்ட் வேண்டாம். அந்தச் சுவரை ஒட்டிக் கழிவறை இருந்தால் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செங்காங்_பட்டிக்காரர்:

பசைக்கு இரண்டு சோதனை. ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுவழுத்தால் பசை இருக்கிறது. இன்னொன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலைத் தண்ணீர் கலந்து மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு வைப்பது. கருநீலமானால் மாவுப் பசை. நிறம் மாறாவிட்டாலும் நம்பி விடாதீர்கள், செல்லுலோஸ் பசைக்கு அது மாறாது. அதனால் எனக்கு விரல் சோதனைதான் முக்கியம். வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு, வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றி, வழுவழுப்பு நிற்கும்வரை கழுவுங்கள். பசை மிஞ்சினால் பெயின்ட் காயும்போது வெடிப்பு விழும்.

இப்போது ஏர்கானை டிரை முறையில் போட்டு, விசிறியையும் ஓட்டி, குறைந்தது இரண்டு நாள் உலர விடுங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக்கை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பாருங்கள். உள்ளே வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்ததும் பள்ளங்களுக்கு மெல்லிய பட்டி, ஒரே தடவையில் தடிமனாக வைத்தால் சுருங்கி விரிசல் விடும். 240 எண் உப்புத்தாள், தூசி துடைப்பு, காரம் தாங்கும் சீலர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. கட்டிலைத் திரும்பப் போடும்போது சுவரிலிருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளியே போடுங்கள்.