டோஸ் எஸ்கலேஷன், ஸ்டெப்-அப் டோசிங்: ஒரே சொல் போதாது

குழுமத்தாருக்கு வணக்கம். மருந்துச் சோதனை ஒப்புதல் படிவங்களில் வரும் ‘டோஸ் எஸ்கலேஷன்’, ‘ஸ்டெப்-அப் டோசிங்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> இரண்டையும் ‘மருந்தளவு ஏற்றம்’ என்றே சொல்லலாம். இடம் பார்த்துப் படிப்பவர் புரிந்துகொள்வார்.

ஐயா, எனக்கு இது சரியாகப் படவில்லை. ஒருமுறை அடங்கிய ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்து, ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் இங்கே படிப்பவர். ‘அளவு ஏற்றப்படும்’ என்றால் அவர் முதலில் கேட்பது: எனக்கா, எனக்குப் பின்னால் வருபவருக்கா?

ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரத) மருந்தின் முதற்கட்டச் சோதனையைப் பாருங்கள். 1994இல் வெளிவந்த அந்த ஆய்வில், லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) திரும்பி வந்த 15 பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான் மருந்து. உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி, அடுத்தடுத்த நோயாளி அணிகளுக்கு (கோஹார்ட்) உயர்த்தி 500 வரை போனார்கள். முதல் அணியில் இருந்தவருக்கு அளவு கூடவே இல்லை. இதுதான் டோஸ் எஸ்கலேஷன்.

பிளினாட்டுமோமாப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து வேறு. அது ஒரு முனையில் புற்றணுவின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தையும், மறுமுனையில் டி செல் என்ற நோயெதிர்ப்பு அணுவின் சிடி3 புரதத்தையும் பிடித்து இரண்டையும் ஒட்டவைக்கும். டி செல்கள் ஒரேயடியாகக் கிளர்ந்தால் சைட்டோகைன்கள் (அழற்சியைத் தூண்டும் புரதங்கள்) பெருகி, காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, சில சமயம் உயிருக்கே ஆபத்து. அதனால் நோய் திரும்பிய லுக்கேமியாவில் முதல் வாரம் நாளுக்கு 9 மைக்ரோகிராம், அடுத்து 28. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கான டெக்லிஸ்டமாப் மருந்தில் கிலோவுக்கு 0.06, 0.3, பிறகு 1.5 மில்லிகிராம். இங்கே கூடுவது அதே ஆளுக்கு. இது ஸ்டெப்-அப் டோசிங்.

‘ஏற்றம்’ என்ற சொல்லே எனக்கு நெருடுகிறது. ஆஸ்பத்திரியில் ‘மருந்து ஏற்றுவது’ என்றால் நரம்பு வழியே டிரிப்ஸ் போடுவதுதான். ‘மருந்தேற்றம்’ என்று எழுதினால் நோயாளி மட்டுமல்ல, நர்ஸம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: முன்னதற்கு ‘அணிவாரி அளவுயர்வு’. பின்னதற்கு ‘பழக்கு அளவுமுறை’. தொடக்கத்தில் தரும் சிறிய அளவுகள் ‘பழக்கு அளவு’, இறுதியில் நிலைப்பது ‘முழு அளவு’. “உங்களுக்கு முதலில் பழக்கு அளவு கொடுத்து, உடல் தாங்குவதைப் பார்த்து முழு அளவு தருவோம்” என்று டாக்டர் வாயால் சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை.

இந்த மருந்துகளின் வகைப்பெயரில் வரும் ஆன்டிபாடிக்குப் பாடநூலில் உள்ள ‘எதிர்ப்பொருள்’ போதும் என்று நினைக்கிறேன். ‘பிறபொருளெதிரி’ என்று படித்த இலங்கை நண்பர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். கோஹார்ட்டுக்கு ‘அணி’யா ‘குழு’வா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை.