அப்பாவின் பாட்டு வரிக்கு உரிய பங்கை எப்படிக் கேட்பது?

வணக்கம் உறவுகளே. திருகோணமலைக் கோணேசர் சுவாமி மேல் அப்பா எழுதிய பாடல்களை ஒரு நிறுவனம் யூடியூபில் போட்டிருக்கிறது. விளம்பரமும் ஓடுகிறது. பாடியவர் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. அடித்துத் திருத்திய வரிகளோடு அவருடைய சீ.ஆர். கொப்பி, ஓரம் கரையான் அரித்தபடி, என் மேசையில் கிடக்கிறது.

ஒலிப்பதிவின் உரிமை வேறு, வரியின் உரிமை வேறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் காலமாகி 70 ஆண்டுகள் வரை அந்த உரிமை நிற்கும். ஆனால் அப்பா அன்று ஏதோ தாளில் கையெழுத்து வைத்தாராம். பிரதி எங்களிடம் இல்லை.

இலங்கையில் இருந்துகொண்டு பாடலாசிரியர் பங்கை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? எந்தச் சங்கம், என்ன ஆவணம் கேட்டார்கள்? இது தெரிந்த சட்டத்தரணி திருகோணமலையில் இருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்குக் காசைவிட அவர் பெயர் வருவதுதான் பெரிது. எனக்கு இரண்டும் வேண்டும்.