அப்பாவின் வில்லுப்பாட்டு சிடி: காப்பி செய்தால் 1 கேபி ஃபைல்தான் வருகிறது, உதவுங்கள்

குடத்தார் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். பின்பாட்டும் பாடுவார். 1998-ல் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் அவர்கள் பாடியதை மாமா ஒரு 60 நிமிடக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். ராத்திரி முழுக்க நடந்த பாட்டில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும்தான் அதில் இருக்கிறது. 2007-ல் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து சிடியாக மாற்றினோம். கேசட் அப்புறம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அப்பாவும் இப்போது இல்லை. இந்த ஒரு சிடிதான் மிச்சம்.

அம்மாவிடம் இருக்கும் பழைய சிடி பிளேயரில் இது இன்றும் பாடுகிறது, கடைசியில் மட்டும் திக்கித் திக்கி வரும். இதை கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, பாட்டுப் பாட்டாகப் பிரித்து, புது சிடி ஒன்று போட்டு அம்மாவிடம் கொடுக்க வேண்டும். இதுதான் ஆசை.

லேப்டாப்பில் டிரைவ் இல்லாததால் யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டர் வாங்கினேன். சிடியைப் போட்டால் 'டிராக் 01', 'டிராக் 02' என்று இரண்டு சிடிஏ ஃபைல் தெரிகிறது. இரண்டையும் பென்டிரைவில் காப்பி செய்தேன். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. திறந்து பார்த்தால் இரண்டும் 1 கேபி, எதுவும் பாடவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் திறக்கவில்லை. சிடி உள்ளே சுற்றும்போது டிரைவ் அதிர்கிறது, நடுவில் கர் கர் என்று நின்று நின்று ஓடுகிறது. சிடியின் மேல்பக்கம் ஸ்டுடியோக்காரர் ஒட்டிய காகித ஸ்டிக்கர் இருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. அதைப் பிய்த்துவிட்டுத் துடைத்துப் பார்க்கலாமா?

டேப் டெக்:

தங்கச்சி, முதல் வேலையாக அந்த ஸ்டிக்கரில் கை வைக்காதீர்கள். நிறையப் பேர் சிடியின் உயிர் பளபளக்கும் அடிப்பக்கத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் உள்ள பிளாஸ்டிக். பதிவு இருக்கும் படலமும் அதை எதிரொளிக்கும் உலோகப் பூச்சும் மேல்பக்கத்தில், ஸ்டிக்கருக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குக்கு அடியில் இருக்கின்றன. ஸ்டிக்கரைப் பிய்த்தால் அந்தப் பூச்சும் அதோடு உரிந்து வரும். அப்புறம் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பெயர்ந்த ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்திவிடுங்கள், அது போதும்.

அடிப்பக்கத்தைத் துடைக்கலாம். மெல்லிய பருத்தித் துணி, தேவைப்பட்டால் ஒரு துளி தண்ணீர். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். நேர்கோட்டில் கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிட்டிகைதான் போகும், சிடியில் உள்ள பிழைதிருத்த ஏற்பாடு அதைச் சரிக்கட்டிவிடும். வட்டக் கீறல் பாட்டு ஓடும் திசையிலேயே போகும், அது தொடர்ந்து பலவற்றைத் தின்றுவிடும்.

இப்போது 1 கேபி விஷயம். ஆடியோ சிடியில் ஃபைல் என்று எதுவும் கிடையாது. விண்டோஸ் காட்டும் சிடிஏ என்பது வெறும் 44 பைட் குறிப்பு: இந்தப் பாட்டு வட்டில் இங்கே தொடங்குகிறது, இவ்வளவு நீளம், அவ்வளவுதான். நீங்கள் பென்டிரைவில் எடுத்தது வீட்டின் விலாசத்தை. வீடு சிடியிலேயே இருக்கிறது. பாட்டை 'ரிப்' செய்துதான், அதாவது சிடியிலிருந்து ஒலியைப் படித்து ஃபைலாக மாற்றித்தான், எடுக்க வேண்டும். ஆடாசிட்டி விண்டோஸில் சிடியிலிருந்து நேராக எடுக்காது, ரிப் செய்த வேவ் ஃபைலைத்தான் திறக்கும்.

விண்டோஸ் மீடியா பிளேயரிலும் ரிப் செய்யலாம், ஆனால் உங்கள் சிடிக்கு அதை நம்ப வேண்டாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளை இறக்கி, 'செக்யூர்' முறையில் எடுங்கள். அது ஒவ்வொரு துண்டையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துவராத இடத்தைத் திரும்பத் திரும்ப, மிக மோசமான இடமென்றால் 82 தடவை வரை, படிக்கும். அதனால் மணிக்கணக்கில் ஓடினாலும் நிறுத்தாதீர்கள்.

பெங்குயின்:

அக்கா, டிரைவ் அதிர்வதற்குக் காரணமும் அந்த ஸ்டிக்கராகத்தான் இருக்கும். சிடி பிளேயர் வட்டை நிமிடத்துக்கு 500-லிருந்து 200 சுற்று வரைதான் சுற்றும். கம்ப்யூட்டர் டிரைவ் முழு வேகத்தில் பல ஆயிரம் சுற்று. நடுப்புள்ளி கொஞ்சம் விலகி ஒட்டிய ஸ்டிக்கர், அம்மாவின் பிளேயரில் ஒன்றும் செய்யாது, டிரைவில் வட்டையே ஆட்டிவிடும். லேசருக்கு நிலையாகப் படிக்க முடியாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் டிரைவ் ஆப்ஷன்ஸ் போய் வேகத்தை உங்கள் டிரைவ் அனுமதிக்கும் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். டிரைவை யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருந்தால் எடுத்து லேப்டாப்பில் நேராக மாட்டுங்கள், மின்சாரம் போதாமலும் நின்று நின்று ஓடும்.

கெட்டுப்போன வட்டு என்றதும் சிலர் டிடிரெஸ்க்யூ பயன்படுத்தச் சொல்வார்கள். அது டேட்டா சிடிக்கு அருமையான கருவி, ஆடியோ சிடிக்கு உதவாது. லினக்ஸில் இதற்கு சிடிபாரனோயா இருக்கிறது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் வராத பகுதி அதில் சில சமயம் வந்துவிடும், நேர்மாறாகவும் நடக்கும்.

இன்னொன்று: தெரிந்தவர் யாரிடமாவது பழைய டெஸ்க்டாப் இருந்தால் அதன் டிவிடி ரைட்டரிலும் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க முடியாததை இன்னொன்று படிப்பது தினமும் பார்க்கிற விஷயம்.

குடத்தார் மகள்:

அண்ணா, தம்பி, இரண்டு பேருக்கும் கோடி நன்றி. ஸ்டிக்கரைப் பிய்க்க நகத்தை வைத்திருந்தேன், உங்கள் பதில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

வேகத்தை 4-க்கு இறக்கியதும் அதிர்வு நின்றுவிட்டது. டிராக் 1 இருபது நிமிடத்தில் ஒரு பிழையும் இல்லாமல் வந்துவிட்டது. டிராக் 2 ராத்திரி முழுக்க ஓடியது. கடைசி நான்கு நிமிடத்தில் 'சந்தேகத்துக்குரிய இடங்கள்' என்று பதினொரு நேரக்குறிப்பு கொடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் மறுபடி எடுத்தேன், பதினொன்று மூன்றாகக் குறைந்தது. அதில் இரண்டு வெறும் டிக் சத்தம். ஒன்றில் மட்டும் ஏறக்குறைய ஒரு நொடி அப்படியே காணோம். அது முடிவில் வாழ்த்திப் பாடும் வாழி வரும் இடம். ஏன் எல்லாம் கடைசியிலேயே வருகிறது?

டேப் டெக்:

சிடி நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி எழுதப்படுகிறது. உங்கள் பதிவின் கடைசி நிமிடங்கள் ஓரத்தில் இருக்கின்றன. கை படுவது, ஈரம் ஏறுவது, ஸ்டிக்கர் இழுப்பது எல்லாம் ஓரத்தில்தான் முதலில் தெரியும்.

டிக் சத்தம் இரண்டையும் ஆடாசிட்டியிலேயே சரிசெய்யலாம். அந்த நேரக்குறிப்புக்குப் போய், அலைக்கோட்டில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். முள் மாதிரி ஒன்று குத்திக்கொண்டு நிற்கும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் மெனுவில் 'ரிப்பேர்' கொடுங்கள். 128 சாம்பிள் (அந்தப் புள்ளிகள்) வரைதான் அது வேலை செய்யும், கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட். டிக்குக்கு அது தாராளம்.

காணாமல் போன ஒரு நொடிக்கு அம்மாவின் பிளேயர்தான் வழி. அதில் அந்த இடம் திக்கினாலும் ஏதாவது கேட்கிறதா?

குடத்தார் மகள்:

கேட்கிறது அண்ணா. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் சொல் புரிகிறது.

டேப் டெக்:

அப்படியானால் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் போட்டு லேப்டாப்பில் பதிவு செய்துவிடுங்கள். படிக்க முடியாத இடத்தில் பிளேயர் முன்னும் பின்னும் உள்ளதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு போகும், டிரைவ் மாதிரி அடம் பிடிக்காது. லேப்டாப்பில் இருப்பது மைக் துளை மட்டும் என்றால் ஒற்றை சானல்தான் பதிவாகும். உங்கள் கேசட்டே ஒரு மைக்கில் பிடித்தது, அதனால் பாதகமில்லை. மைக் துளை சின்ன ஒலிக்கானது என்பதால் பிளேயரின் வால்யூமை நன்றாகக் குறைத்துத் தொடங்கி, ஆடாசிட்டி மீட்டர் -6 டெசிபலைத் தாண்டாத மாதிரி வையுங்கள். அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி எடுத்து, ஒலி அளவைச் சமன் செய்து, ரிப் செய்ததில் ஒட்டுங்கள். இரு முனையிலும் சின்னதாக கிராஸ்ஃபேட் (ஒன்று மெல்ல மங்க, மற்றது மெல்ல எழுவது) கொடுத்தால் ஒட்டு தெரியாது.

எடிட்டிங் தொடங்கும் முன் ரிப் செய்த மூல ஃபைல்களை அப்படியே இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, மொத்தம் 600 எம்பிக்குக் கொஞ்சம் மேலே வரும். ஃப்ளாக் என்ற சுருக்கு வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் இடம் குறையும். எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட வேண்டாம்.

குடத்தார் மகள்:

வாழி ஒட்டிவிட்டேன். ஒட்டு எனக்கே தெரியவில்லை!

அடுத்த சிக்கல். இரைச்சலைக் குறைக்க, பதிவின் முதல் நான்கு விநாடியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனில் மாதிரி எடுத்தேன். அங்கே பாட்டு இன்னும் தொடங்கவில்லை. பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து 24 டெசிபல் கொடுத்தேன். ஸ் என்ற சத்தம் போய்விட்டது, ஆனால் குடம் தண்ணீருக்குள் அடித்த மாதிரி கேட்கிறது. வில்லில் கட்டிய மணிகள் எல்லாம் தகரம் மாதிரி ஆகிவிட்டன. என்ன தவறு செய்தேன்?

வேவ்ஃபார்ம்:

இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன், இது என் வேலை என்பதால் சொல்கிறேன். கோயில் பதிவுகள் நிறைய சுத்தம் செய்திருக்கிறேன்.

உடனே அன்டூ கொடுங்கள். அந்த முதல் நான்கு விநாடியை ஹெட்போன் போட்டு, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மாதிரியில் இருக்கும் எல்லாவற்றையும் அந்தக் கருவி இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். குடம் கெட்டது என்றால் அந்த மாதிரிக்குள் குடம் இருக்க வேண்டும்.

குடத்தார் மகள்:

இருக்கிறது. இடையில் காப்பி குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறார்கள் போல. யாரோ டம்ளர் வைக்கும் சத்தம். அப்புறம் குடத்தில் பத்தியால் (குடம் அடிக்கும் மட்டை) இரண்டு தட்டு, மெதுவாக. அதற்குப் பிறகு "கேக்குதா?" என்று ஒரு குரல். அப்பா குரல். இத்தனை வருஷம் அந்தப் பிளேயரின் சின்ன ஸ்பீக்கரில் இது எங்களுக்குக் கேட்டதே இல்லை. பத்து தடவை கேட்டுவிட்டேன். அதைத்தான் இரைச்சல் என்று அழிக்கக் கொடுத்திருந்தேன்.

வேவ்ஃபார்ம்:

அம்மா, அந்த நான்கு விநாடியைத் தொடவே தொடாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

மாதிரிக்கு வேறு இடம் இருக்கிறது. கேசட்டின் முதல் பக்கம் முடிந்து திருப்பிப் போட்டிருப்பார்கள் இல்லையா, அதாவது டிராக் 1-ன் கடைசி. ரெக்கார்டரை நிறுத்திய பின் வெற்று நாடா சில விநாடி ஓடியிருக்கும். அங்கே கூட்டமும் இல்லை, பாட்டும் இல்லை, நாடாவின் ஸ் மட்டும்தான். நாம் எடுக்க வேண்டியது அதை மட்டுமே. பின்னணியில் குழந்தை அழுவதும், ஒலிபெருக்கியின் எதிரொலியும் கொடையின் பாகம், அதெல்லாம் போனால் ஸ்டுடியோவில் பாடினது மாதிரி ஆகிவிடும்.

அளவு 24 மிக அதிகம். 6-ல் தொடங்குங்கள், போதவில்லை என்றால் 8 அல்லது 9. அதே பெட்டியில் 'ரெசிட்யூ' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அமுக்கி முன்னோட்டம் கேட்டால் எது நீக்கப்படுகிறதோ அது மட்டும் காதில் விழும். அதில் வெறும் காற்றுச் சத்தம் வந்தால் சரி. மணியோ, ஜால்ராவோ, உடுக்கையின் ஓரமோ கேட்டால் அளவைக் குறையுங்கள். வில்மணிக்கும் நாடாவின் ஸ்ஸுக்கும் அலைவரிசை மேலே ஒன்றாகத்தான் கிடக்கிறது, கருவிக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் காதுக்குத்தான் தெரியும்.

மின்சார உறுமல் இருந்தால், ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரில் 50 ஹெர்ட்ஸ் மட்டும் கொடுங்கள், க்யூ மதிப்பைக் கூட்டினால் வெட்டு குறுகலாகும். தாழ்ந்த ஒலியை மொத்தமாக வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். குடத்தின் 'தும்' அங்கேதான் இருக்கிறது.

குடத்தார் மகள்:

7 டெசிபல் கொடுத்தேன். ஸ் கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும். குடம் குடமாகவே கேட்கிறது.

பாட்டுகளை ஒன்பதாகப் பிரித்து, மீடியா பிளேயரில் ஆடியோ சிடி போட்டேன். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டு விநாடி அமைதி வருகிறது. வில்லுப்பாட்டில் அப்படி நிற்பதே இல்லை, ஒன்று முடியும்போதே குடம் அடுத்ததுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

பெங்குயின்:

இரண்டு வேலை இருக்கிறது அக்கா. முதலில் பிரிக்கும் இடம். ஆடியோ சிடியில் ஒரு விநாடி என்பது 75 சட்டம் (ஃபிரேம்), ஒரு சட்டத்துக்கு 588 சாம்பிள். பாட்டின் நீளம் சட்டக் கணக்கில் முழுசாக இல்லாவிட்டால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பிவிடும், அங்கே டிக் என்று ஒரு சத்தம் வரும். ஆடாசிட்டியில் புராஜெக்ட் ரேட் 44100 என்று இருக்கிறதா பாருங்கள், நேரக் கணக்கை சிடிடிஏ ஃபிரேமுக்கு மாற்றி, 'ஸ்னாப்' போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் கன்ட்ரோல் பி அழுத்தி லேபிள் வையுங்கள். ஏற்றுமதி செய்யும்போது லேபிள் கணக்கில் பல ஃபைலாகப் பிரிக்கச் சொல்லி, 16 பிட் வேவ் ஆக எடுங்கள்.

அடுத்தது எழுதுவது. இம்க்பர்ன் மென்பொருளின் டூல்ஸ் மெனுவில், பாட்டு வரிசையைச் சொல்லும் கியூ ஃபைல் உருவாக்கும் வசதி இருக்கிறது. ஒன்பது ஃபைலையும் வரிசையாகச் சேர்த்து, இரண்டாவது பாட்டிலிருந்து ப்ரீகேப் (பாட்டுக்கு முன் விடும் இடைவெளி) இல்லாமல் வைத்துச் சேமியுங்கள். அந்தக் கியூ ஃபைலைக் கொடுத்து எழுதினால் வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும், இடைவெளி விழாது. வட்டு சிடி-ஆர் ஆக இருக்கட்டும், பழைய பிளேயர்கள் அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூவைப் பெரும்பாலும் படிக்காது. வேகம் 16 போதும்.

டேப் டெக்:

கூடவே ஒன்று. இந்தத் தடவை மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பெயர் எழுத வேண்டும் என்றால் சிடிக்கென்றே விற்கும் மென்மையான பேனாவால் நடுவில் உள்ள தெளிவான வளையத்தில் எழுதுங்கள். இரண்டு பிரதி போட்டு ஒன்றை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

குடத்தார் மகள்:

நேற்று எழுதி முடித்தேன். இடைவெளி இல்லை, டிக் இல்லை. சாயங்காலம் அம்மாவின் பிளேயரில் ஹெட்போன் மாட்டிக் கொடுத்தேன். டம்ளர் சத்தம், இரண்டு தட்டு, "கேக்குதா?". அம்மா ஹெட்போனைக் கழற்றாமலே, "கேக்குது" என்று சொன்னார்கள். அப்புறம் முதலிலிருந்து போடச் சொன்னார்கள்.

மாமாவுக்கும் அந்தக் குழுவில் இன்னும் இருக்கிற உடுக்கைக்கார அண்ணனுக்கும் ஆளுக்கொரு பிரதி போடப் போகிறேன். அந்த அண்ணன் வீட்டில் பரணில் ஒரு பெட்டிக் கேசட் இருக்கிறதாம், 20 வருஷமாக யாரும் போடவில்லை. அதை முதலில் எப்படித் தொடுவது என்று அடுத்த வாரம் கேட்கிறேன்.