வாழ்ந்த ஊருக்குத் திரும்பிப் போனவர்கள்: பழைய நட்பைத் தேடிய அனுபவங்கள்

வால்பாறை அக்கா (இப்போது பொள்ளாச்சி)

இலங்கை மலையகத்தில், அட்டனில் கோச்சியை (ரயிலை) விட்டு இறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா போன கதையை எழுதப் போவதில்லை. அந்தப் பாதை தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். பழைய மஸ்கெலியா 1969இல் மவுசாகலை அணைக்குள் மூழ்கியதும், தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் தலைகாட்டுவதும் உங்களுக்குத் தெரியும். நான் போனபோது அணை நிரம்பிக் கிடந்தது. எனக்கு அதில் அக்கறையும் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருத்தி. அவளைப் பார்க்கத்தான் போனேன்.

தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. எழுபதுகளில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, வால்பாறையில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அவள் குடும்பத்தார் கையிலும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் வரவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது.

அதே லயம் (தோட்டத்து வரிசை வீடு), கூரைத் தகரம் மட்டும் புதிது. என்னை உட்கார வைத்துவிட்டு, ரொட்டிக்குச் சம்பல் செய்யத் தேங்காய் துருவினாள். துருவலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “உன் அப்பா போட்ட கடிதத்தைப் படித்துத்தான் எங்கள் அப்பா போவதில்லை என்று முடிவு செய்தார்.” அந்தக் கடிதம் அவளுக்கு மனப்பாடம். “இங்கேயும் அட்டை கடிக்கிறது. இங்கேயும் கூடைதான். பிடித்தம் போகக் கையில் மிஞ்சுவதில்லை. அவசரப்பட்டுப் புறப்படாதே.” அப்பா பேசுவது போலவே இருந்தது.

அதன் பிறகுதான் 1977 கலவரம், அதன் பிறகு 1983 கலவரம். தேயிலைச் செடிகளுக்கு அடியில் தம்பி, தங்கைகளின் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த இரவுகளைச் சொன்னாள். 1984இல் கப்பல் நின்றுபோனது. 2003இல் சட்டம் வந்த பிறகுதான் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. இவ்வளவையும் சொன்னவள், மகள் தலவாக்கலையில் ஆசிரியையாக இருப்பதையும் மருமகன் வீடு கட்டியதையும் அதே குரலில் சொன்னாள். அந்தக் கடிதத்துக்காக எங்கள்மேல் வருத்தமா, நன்றியா? முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. “காரம் போதுமா?” என்று கேட்டுத் தட்டை நீட்டினாள். சாப்பிட்டேன். அவள் சொன்னது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

சிங்காநல்லூர் மில்காரர்

நான் போனது நைஜீரியாவில் கடூனா. கோவையிலிருந்து ஸ்பின்னிங் மாஸ்டர்களும் ஃபிட்டர்களும் ஆப்பிரிக்க மில்களுக்குப் போன காலத்தைச் சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கடூனாவில் ககூரி என்ற பகுதி முழுக்க மில்கள். சங்கு ஊதினால் சாலையே நிறைந்துவிடும். என் பிள்ளைகள் நடை பழகியது அந்த ஊரில்தான். கள்ளத்தனமாக வந்து குவிந்த மலிவுத் துணி, நாளெல்லாம் மின்வெட்டு, ஏறிக்கொண்டே போன எண்ணெய் விலை, எல்லாம் சேர்ந்து 2007க்குள் பெரும்பாலான மில்களை முடித்துவிட்டன. இங்கே மூடிய மில்களின் வாசலில் நின்று பழகியவன் நான். அதனால் மனதைத் தேற்றிக்கொண்டுதான் போனேன்.

என்னோடு வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் இருந்தார், அங்குள்ள ஹவுசா இனத்துக்காரர். என் மனைவிக்குப் பிரசவ வலி வந்த இரவில் ஊரடங்கு இருந்தும் வண்டி பிடித்து வந்தவர். வழி விசாரித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் வேப்ப மரத்தடிக்கு வரச் சொன்னார். போனால், ரிங் ஃபிரேம், கார்டிங், கோன் வைண்டிங் என்று எல்லாப் பிரிவிலிருந்தும் பழைய ஆட்கள் நீள அங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அவர்களுடைய பணி அட்டை. அடியில் என் கையெழுத்து.

“மாஸ்டர், பணம் கொடுக்க உங்களை அனுப்பியிருக்கிறார்களா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். மில் மூடியபோது வரவேண்டிய பணிக்கொடை அவர்களுக்கு வரவே இல்லை. நான் வெறும் நண்பனாக வந்திருக்கிறேன் என்றேன். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. அட்டைகளை உறைக்குள் போட்டு மடித்துவிட்டு, என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். டாஃபிங் (நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றும்) வேலை பார்த்த ஒருவர், தன் அங்கி ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூலை இரண்டாக இழுத்து அறுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டிக் காட்டினார். முடிச்சே தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பீசிங் அது. அந்த அட்டைகளில் என் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் இப்போதும் ராத்திரியில் நினைவுக்கு வருகிறது.

திருப்பூர் தம்பி

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். என் கதை சிறியது. சிங்கப்பூரில் தோ பாயோவில் பள்ளிக்கூடக் காலம். அப்பா வேலை முடிந்து ஊர் திரும்பியபோது நானும் வந்துவிட்டேன். பனியன் கம்பெனி ஆர்டர் விஷயமாகப் போனபோது, பழைய நண்பனைத் தேக்கா உணவுக் கடையில் பார்த்தேன். நாங்கள் இருந்த பிளாக்கை இடித்துவிட்டு உயரமாக வேறு கட்டியிருக்கிறார்கள் என்று போனில் படம் காட்டினான். நான் பையை எடுப்பதற்குள் இரண்டு தட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டான். “வேலை இருக்கிறது, இன்னொரு நாள் பார்ப்போம்” என்று எழுந்தான். சோற்றில் பாதி அப்படியே இருந்தது. அந்தப் பாதித் தட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆனால் மேலே எழுதிய இருவரோடும் நான் ஒத்துப்போகவில்லை. அக்கா, மனதில் போட்டுப் புழுங்குவதை விட நேராகக் கேட்டுவிடுங்கள். வயதாகிக்கொண்டே போகிறது, கேட்காமல் விட்டதைப் பிறகு யாரிடம் கேட்பது? மில்கார ஐயா, நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர்கள் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். தூரத்திலிருந்து ஒருவர் திரும்பி வருகிறார் என்றாலே, அங்கே இருப்பவர்கள் ஏதோ கொண்டு வருகிறார் என்றுதான் நினைப்பார்கள். நம் ஊரில் துபாய்க்காரர் வந்து இறங்கினால் நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்?

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். முதல் சந்திப்பை வீட்டில் வைக்காதீர்கள். அவர்கள் வீட்டு நிலை நமக்குத் தெரியாது, சமைக்க வேண்டிய சிரமமும் வேண்டாம். இரண்டாவது சந்திப்பில் அவர்களே கூப்பிடுவார்கள். தங்குவதற்குத் தனியாக அறை எடுத்துவிடுங்கள். சம்பளம், வீட்டு விலை, பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்பதெல்லாம் அறவே வேண்டாம். பேசுவதற்கு ஒன்றும் அகப்படாவிட்டால் பழைய வாத்தியார்களைப் பற்றிக் கேளுங்கள், அது எல்லா ஊரிலும் நடக்கும்.

கையில் கொண்டுபோக இனிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கேயும் பலருக்குச் சர்க்கரை நோய். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமுக்காளம் இரண்டும் உடையாது, கெடாது, வருடக்கணக்கில் உழைக்கும். ஜமுக்காளம் கனம் என்பதால் சிறிய அளவு போதும். சிங்கப்பூருக்கு என்றால் சூயிங்கம் வேண்டாம், 1992இலிருந்தே தடை. சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கே கிடையாது, நண்பனுக்குப் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டால் விமான நிலையத்திலேயே பிரச்சினை. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேர் விமானம் உண்டு, சென்னை போய் அலைய வேண்டாம். இலங்கைக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலையும் யோசிக்கலாம். 2023 அக்டோபரில் திரும்பத் தொடங்கினார்கள், ஆனால் கடல் சீற்றமாக இருந்தால் ஓடாது. யாழ்ப்பாணம் வழியாகப் போவது மலையகத்துக்குச் சுற்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மாதம் தொடர்ந்து போனில் பேசுங்கள். அதன் பிறகு டிக்கெட் எடுங்கள்.

கரூர்ப் பேரன்

எங்கள் அப்பாரு (தாத்தா) பர்மாவில், ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்த பிறகு, உடுத்திய துணியோடு கப்பலேறியவர். அவருக்காகத்தான் நான் யாங்கோன் (அந்த ரங்கூன்தான்) போனேன். அங்கே ஒரு கோயில் மண்டபத்தில் விசாரித்தபோது, அப்பாருவோடு சிறுவயதில் பந்து விளையாடிய பெரியவரே கிடைத்துவிட்டார். நல்ல தமிழ். கை நடுங்க என் போனை வாங்கி, வீடியோவில் அப்பாரு முகத்தைப் பார்க்கக் காத்திருந்தார்.

கரூரில் என் அம்மா போனைக் கொண்டுபோய் நீட்டினாள். அப்பாரு வாங்கவில்லை. “தூங்குகிறேன் என்று சொல்” என்றார். அது அந்தப் பக்கமும் கேட்டது. பெரியவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, “பரவாயில்லை கண்ணு, எனக்கும் பேச்சு வரவில்லை” என்றார்.

திருப்பூர் அண்ணா, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போன் போட்டோம். அப்பாருவுக்கு நேரம், நாள் எல்லாம் தெரியும்.

ஈரோட்டுப் பெண், கருங்கல்பாளையம்

திருப்பூர் அண்ணா “ஒரு மாதம் போனில் பேசுங்கள்” என்கிறார். யாரோடு பேசுவது அண்ணா?

நான் பிறந்தது குவைத், ஹவல்லி. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் ராணுவம் நுழைந்தது. எங்களைப் போல ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து அம்மான், அம்மானில் ஏர் இந்தியா. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியம் எதிர்வீடு. பாலஸ்தீனக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வயது. அவர்கள் வீட்டு மக்லூபாச் சோறு எங்களுக்கு வரும், எங்கள் வீட்டு அரிசிம்பருப்புச் சோறு அங்கே போகும். அவளுடைய அம்மாவுக்கு அதில் வெங்காயம் கூடுதலாகப் போட்டால் பிடிக்கும் என்று என் அம்மா தனியாகத் தாளித்து அனுப்புவாள்.

நாங்கள் புறப்பட்ட அதிகாலையில் அந்த அம்மா ரொட்டிகளைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார். எங்கள் வீட்டுச் சாவியை அம்மா அவரிடம் கொடுத்தாள். “கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், சீக்கிரம் வந்துவிடுவீர்கள்” என்றார். 1948இல் ஹைஃபாவில் சொந்த வீட்டை விட்டு வந்த குடும்பத்துப் பெண் அவர்.

போர் முடிந்த பிறகு குவைத்தில் பாலஸ்தீனர்களை இருக்க விடவில்லை. சுமார் நான்கு லட்சம் பேர் இருந்த சமூகம் கரைந்துபோனது. நாங்கள் சாவி கொடுத்தவர்களும் போய்விட்டார்கள். எங்கே? அம்மானா, கனடாவா, யாருக்கும் தெரியாது.

கணவரின் வேலையாக நாங்கள் திரும்ப அங்கே போனபோது அதே கட்டடத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் இரண்டு வாசலும் எதிரெதிரே. எந்த மணியை முதலில் அழுத்துவது என்று புரியாமல் நடுவில் நின்றேன். இரண்டு வீட்டிலும் இருப்பது எனக்குத் தெரியாதவர்கள். எதிர்வீட்டு மணியைத்தான் அழுத்தினேன். எர்ணாகுளத்துப் பெண் ஒருவர் திறந்தார். “யாரைத் தேடுகிறீர்கள்?” என்றார். பெயரைச் சொன்னேன். சொல்லும்போதுதான் தெரிந்தது, எனக்கு அவளுடைய செல்லப் பெயர் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்துப் பெயர் தெரியாது. இணையத்தில் தேடுவதற்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை.

வால்பாறை அக்கா, உங்கள் தோழி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னதை நானாக இருந்தால் கொடுப்பினை என்று வாங்கிக்கொள்வேன். குறை சொல்லவாவது ஆள் இருந்திருக்கிறார்.

சிங்காநல்லூர் மில்காரர்

திருப்பூர் தம்பிக்கு. முன்கூட்டியே சொல்லித்தான் போனேன். மேஸ்திரியின் மகனிடம் போனில் “பழைய ஆட்களைப் பார்க்க வருகிறேன்” என்றுதான் சொன்னேன். அவன் அதை அப்படியேதான் சொல்லியிருக்கிறான். பணம் வராமல் காத்திருக்கிறவர்கள் காதில் அது வேறு விதமாக விழுவது யார் குற்றமும் இல்லை. ஆகவே நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். ஜமுக்காளம் பற்றிச் சொன்னது சரி.

அந்த அட்டைகளை எல்லாம் அன்றே படம் எடுத்துக்கொண்டேன். பெயர், டிக்கெட் எண், சேர்ந்த தேதி எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. என் கையெழுத்து என்னுடையதுதான், இவர்கள் என் பிரிவில் வேலை பார்த்தவர்கள்தான் என்று தனித்தனியாகக் கடிதம் எழுதி அவர்களுடைய தொழிற்சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கோவையில் இருக்கும் மற்ற மாஸ்டர்களையும் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடூனாவில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் எழுதுங்கள். அந்த ஆட்கள் உங்களுக்கும் சோறு போட்டவர்கள்தான்.

வால்பாறை அக்கா

ஈரோட்டுத் தங்கைக்கு: நீ எழுதியதைப் படித்துவிட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உன் தோழி வீட்டுப் பெரியவர்கள் பெயர் ஏதாவது உன் அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பார்.

திருப்பூர் தம்பிக்கு: கேட்க மாட்டேன். அப்பா இறந்துவிட்டார், அவளுடைய அப்பாவும் இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த விஷயம் அது. அவளும் நானும் வாரந்தோறும் பேசுகிறோம். மாவு விலை, பேரன் பரீட்சை, முட்டிவலி, இவைதான் பேச்சு. கடிதத்தை அவள் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தால் முழுவதையும் கேட்பேன்.

அடுத்த தை மாதம் தங்கையையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் கைக்குழந்தையாகக் கப்பலேறியவள், தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. சென்னிமலைப் போர்வை நல்ல யோசனை, மஸ்கெலியாக் குளிருக்கு ஆகும். நாகப்பட்டினம் கப்பலில் ஒருவருக்கு எவ்வளவு எடை அனுமதிக்கிறார்கள் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.