எலுமிச்சை சோடா கசக்கிறது, கேஸும் நிற்கவில்லை

தண்டையார்பேட்டையிலிருந்து:
காசிமேட்டில் வேலை முடித்து மத்தியானம் வரும் அப்பாவுக்குத் தினமும் எலுமிச்சை சோடா போடுகிறேன். பழத்தை ஒட்டப் பிழிந்தால் கசக்கிறது. உப்பு போட்டதும் பொங்கி வழிந்து கேஸ் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

ராயபுரத்து அக்கா:
கசப்பு தோலிலும் கொட்டையிலும் இருந்து வருகிறது தம்பி. லேசாகப் பிழிந்து வடிகட்டிவிடு. உப்பையும் 2 ஸ்பூன் சர்க்கரையையும் சாற்றிலேயே கரைத்துவிடு. கரையாத உப்புத் தூளைச் சுற்றித்தான் கேஸ் குமிழியாகக் கிளம்பும். சோடாவைக் கடைசியில், டம்ளரைச் சாய்த்து மெதுவாக ஊற்று. ஊற்றியபின் கலக்காதே. நாங்கள் 2 புதினா இலையைக் கசக்கிப் போடுவோம். எனக்கு அந்த வாசம்தான் உயிர்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:
சோடா நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும், குளிரில்தான் கேஸ் தங்கும். அப்புறம், சர்க்கரைக்குப் பதில் நன்னாரி சர்பத் விட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
அக்கா, இன்று நீங்கள் சொன்னபடியே போட்டேன். அப்பா இன்னொரு டம்ளர் கேட்டார்.